கடலுக்குக் கதவு திறக்கிற வேலை

எங்கள் தோட்டத்து வாட்டர்கேட்டுக்குப் புதிதாக மெஷின் பூட்டினார்கள். பூட்ட வந்தவன் தினேஷ், ரவாங்கிலிருந்து வேன் ஓட்டிக்கொண்டு வந்த பிள்ளை. காதில் கடுக்கன், கையில் போன். போனைத் தடவினால் கேட் ஏறுகிறது, தடவினால் இறங்குகிறது. நானோ அந்தக் கேட்டின் இரும்புச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றியே இரண்டு தோள்பட்டையையும் தேய்த்தவள். வேலையை விட்ட பிறகும் வீடு பக்கத்தில்தான். சும்மா இருக்க முடியுமா? டீ கலக்கி எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனேன்.

"ஆண்ட்டி, இனிமே ஆள் நிக்கவே வேணாம்லா. கடல் ஏறினா தானா மூடிக்கும், இறங்கினா தானா திறக்கும். திறக்கிறதுக்கு முன்னால சைரன் அடிக்கும். வெளிய படகு இருந்தா நகர்ந்துக்கலாம்."

"எல்லாம் அருமை தம்பி. அந்த சைரனை நிறுத்த ஒரு சுவிட்சும் வச்சிடு."

"சைரன் பாதுகாப்புக்குத்தானே ஆண்ட்டி? சத்தம் போடாம கேட்டைத் திறக்கணும்னு யாராச்சும் கேப்பாங்களா?"

நான் கேட்டேன். அவன் சிரித்தான். காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் ஒரு டீயில் முடியாது. அவனுக்கோ ரவாங் ரோடு நெரிசலாவதற்குள் திரும்ப வேண்டும். "எழுதிக் குடுங்க ஆண்ட்டி, நான் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவளிடம் இப்படிச் சொன்னால் என்ன ஆகும்? இதுதான் ஆகும்.

நான் கெர்லிங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கடலைக் காலண்டரில்தான் பார்த்திருந்தேன். கல்யாணமாகி கோலசிலாங்கூர் கரையோரம் இந்தச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்கு வந்தபோது, மாமியார் மண்கரைமேல் ஏற்றி நிறுத்திக் காட்டினார். இந்தப் பக்கம் தோட்டம், அந்தப் பக்கம் சேறு, சேற்றுக்கு அப்பால் கடல். ஒரு விஷயம் மட்டும் எனக்கு உதைத்தது. தோட்டம் பள்ளத்தில் இருந்தது, கடல் மேட்டில் இருந்தது! "பயப்படாதே, நடுவுல கேட் இருக்கு" என்றார். அந்தக் கேட்டே ஒரு நாள் என் தலையில் வந்து விழும் என்று யார் கண்டார்கள்?

முதலில் மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தேன். முதுகில் டின், கையில் பம்ப், முகத்தில் துணி. பிறகு முதுகு பேச ஆரம்பித்ததும் கேட்டுக்கு மாற்றினார்கள். வேலை பழகியதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மலாய் மொழியில் அச்சடித்த கடலேற்ற அட்டவணையை எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். சக்கரத்துக்குக் கிரீஸ் பூசக் கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் கண்டக்டர் ராகவன் ஐயா சொல்லித் தந்தது.

கண்டக்டர் என்றால் பஸ் கண்டக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டத்தில் கூலிக் கூட்டத்தை நடத்துகிற மண்டோருக்கு மேலே, துரைக்குக் கீழே, வெளிவேலை முழுவதையும் பார்ப்பவர். ராகவன் ஐயா ஒல்லி. மழையோ வெயிலோ கையில் குடை. குரல் உயர்ந்து நான் கேட்டதே கிடையாது. கோபம் வந்தால் "அப்படீங்களா" என்பார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். நீளமாகத் துடைத்தால் மண்டோர்கள் வேறு வேலை ஞாபகம் வந்ததுபோல் நகர்ந்துவிடுவார்கள். என்னிடம் அவர் தினமும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: "அஞ்சலை, பார்த்தியா, பார்த்த மாதிரி இருந்தியா?"

கேட் வேலை வெளியிலிருந்து பார்த்தால் சின்னது. தோட்டத்துத் தண்ணீர் முழுவதும் சின்னக் கான்கள் வழியாகப் பெரிய கானுக்கு வரும். கான் என்றால் வாய்க்கால்தான். பெரிய கான் வந்து கேட்டில் நிற்கும். கடல் இறங்கியிருக்கும்போது கேட்டைத் தூக்கினால் உள்தண்ணீர் வெளியே ஓடும். கடல் ஏறும்போது மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்து செம்பனை வேரைக் கருக்கிவிடும். இவ்வளவுதானே என்று நானும் நினைத்தேன்.

ஐயா சொல்லித் தந்த முறை வேறு. முதலில் உள்ளே ஒரு அளவுக் கம்பு, வெளியே ஒரு அளவுக் கம்பு, இரண்டையும் பார்க்க வேண்டும். அடுத்து மூக்கு. கரையில் குந்தி கான் தண்ணீரை மோந்து பார்க்க வேண்டும். அடுத்து நாக்கு. சுண்டுவிரலை நனைத்து நாக்கு நுனியில் வைத்து உடனே துப்ப வேண்டும். உப்புக் கரித்தால் எங்கேயோ கரை கசிகிறது. கசந்தாலோ வழவழத்தாலோ கேட்டைத் தொடக்கூடாது.

"நாக்கில் வைக்க முடியாத தண்ணியை அந்தப் பக்கம் விடாதே" என்பார். அந்தப் பக்கம் என்று அவர் சொன்னது கடலை. சேற்றில் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் புரளும், பாக்காவ் என்கிற அலையாத்தி மர வேரில் நண்டு ஏறும், அதையும் தாண்டினால் கெராங் பாத்திகள். கெராங் என்பது சேற்றில் வளரும் சிப்பி.

மருந்தடித்த நாளில் ருசி பார்க்கவே கூடாது. டின் சுமந்தவளுக்கு அந்த மருந்து என்னவென்று தெரியாதா? அன்றைக்கு ஐயாவின் உத்தரவு இதுதான்: "நாக்குக்கும் லீவு, கேட்டுக்கும் லீவு." மருந்து மண்ணில் பிடிக்கிறவரை தண்ணீரை உள்ளேயே தேக்கி வைப்போம்.

ஒரு தடவை புதிதாக வந்த சின்ன தொரை, மருந்தடித்த மறுநாளே கேட்டைத் திறக்கச் சொன்னார். வயலில் தண்ணீர் நிற்பதைப் பெரிய தொரை பார்த்துவிடுவார் என்று அவருக்குப் பயம். ஐயா கண்ணாடியைக் கூடத் துடைக்கவில்லை. "திறந்துடலாம் சார். நீங்க ஒரு சொட்டு நாக்குல வைங்க, அஞ்சலை இப்பவே தூக்கிடுவா." கானில் அப்போது ஒரு தவளை மல்லாக்க மிதந்துகொண்டிருந்தது. சின்ன தொரை தவளையைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "ஓகே ராகவன், தவளை ஜெயிச்சிடுச்சு" என்று மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பினார். நல்ல பிள்ளை.

ருசி பார்த்த பிறகு, இரும்புக் கம்பியால் கேட் சட்டத்தில் மூன்று தட்டு. டாங், டாங், டாங். வெளியே படகிலும் சேற்றிலும் இருப்பவர்கள் ஒதுங்குவதற்கு. ஒரு வெற்றிலை மடித்து வாயில் போடும் நேரம் பொறுத்துச் சக்கரத்தைப் பிடிக்கலாம். அதுவும் ஒரேயடியாகத் தூக்கக்கூடாது. நாலு விரல் அளவு தூக்கி விட்டுவிட வேண்டும். முதல் தண்ணீர் மெதுவாகப் போய்ச் சேற்றில் வழி போட்ட பிறகுதான் முழுசாகத் தூக்குவது. மொத்தமாக விட்டால் சேறு கிளம்பிக் கெராங் குஞ்சுகளை மூடிவிடும்.

அந்தக் கெராங் பாத்திகளின் சொந்தக்காரர் பாக் மான். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், இருந்தும் அக்கா என்றுதான் கூப்பிடுவார், வாய் நிறையச் சிரிப்பு. அவர் மலாயில் பேசுவார், நான் தமிழில் பதில் சொல்வேன். இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை கூட வீணாகவில்லை. "அக்கா, காலையில என் பொண்டாட்டி முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னால உன் கேட்டைத்தான் பார்க்கிறேன்" என்பார். "அதை அவங்ககிட்ட சொல்லிடாதீங்க" என்பேன். வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு கோணி கெராங் கொண்டுவந்து ஐயா வீட்டு வாசலில் வைப்பார். ஐயா சுத்த சைவம். இரண்டு கையாலும் வாங்கி, "ரொம்ப நன்றி, ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு, கோணியை அப்படியே லயத்துக்கு அனுப்பிவிடுவார். லயம் என்பது தொழிலாளர் வீட்டு வரிசை. பாக் மானுக்கு இது தெரியும். தெரிந்தேதான் கொண்டு வருவார்.

இனி தினேஷுக்கான பதில்.

அது வருஷக் கடைசி, பெரிய பெருக்கு வரும் நாட்கள். கேட்டின் இரும்புத் தகடு துருப்பிடித்துவிட்டதால், கழற்றி டவுனில் பற்றவைக்கக் கொடுத்திருந்தார்கள். அதுவரைக்கும் காண்டிராக்டர் ஒன்றின்மேல் ஒன்றாகப் பலகைகளை இறக்கி அடைத்திருந்தார். ஒரு ராத்திரி கடல் அட்டவணையில் போட்டதைவிட உயர ஏறிவிட்டது. மேல் பலகைகள் பிடுங்கிக்கொண்டு மிதந்தன. காலையில் தகடு வந்து பூட்டி மூடுவதற்குள் கடல் வேண்டிய மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

ஐயா கரையில் குந்தி விரலை நனைத்தார். துப்பினார்.

"குழம்புக்கு உப்பே போட வேணாம் போலிருக்கே அஞ்சலை. மத்தியானம் கடல் இறங்கினதும் முழுசா திறந்து கழுவி விட்டுடு. பன்னிரண்டாம் நம்பர் தாங்காது."

பன்னிரண்டாம் நம்பர் என்பது பெரிய கானை ஒட்டிய வயல். பழைய மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்றுகள் நட்டிருந்தோம். ஐயா வேலையை விடுவதற்கு முன் நட்ட கடைசி வயல். வீட்டுக்கு யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போய், பேத்தியைக் காட்டுவதுபோல் காட்டுவார். இளம் கன்றின் வேரில் உப்புத் தண்ணீர் இரண்டு மூன்று நாள் நின்றால் போதும், மட்டை மஞ்சளாகிவிடும்.

அந்த நேரத்தில்தான் பழம் வெட்டுகிற மாரிமுத்து ஓடி வந்தான்.

"அக்கா! கான்ல எருமைக் கன்னு விழுந்துருச்சு!"

"இங்க எருமை ஏதுடா?"

"அப்ப நீங்களே வந்து பாருங்க. மூச்சு விடுது. ஆனா கொம்பு இல்ல, காதும் இல்ல!"

போனோம். பெரிய கானின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு எழும்பியது. வட்டத் தலை, நீட்டு மூக்கு கிடையாது. 'ப்பூஸ்' என்று மூச்சு விட்டது. வாய் ஓரம் சிரிப்பதுபோல் வளைந்திருந்தது. டால்பின்! மடவை மீனைத் துரத்திக்கொண்டு பெருக்கோடு உள்ளே வந்து, திரும்ப வழி தெரியாமல் செம்பனை மரங்களுக்கு நடுவில் நீந்திக்கொண்டிருக்கிறது.

ஐயா அதைப் பார்த்து "அப்படீங்களா" என்றார். அவர் ஒரு மீனைக் கோபித்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். டால்பின் மீன் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

மீன்வளத் துறைக்குப் போன் போட்டார். எடுத்தவர் புவான் ஆயிஷா. புவான் என்றால் மலாயில் அம்மணி மாதிரி. அவர் போனிலேயே சொல்லிவிட்டார்: தொடாதீர்கள், சாப்பாடு போடாதீர்கள், சத்தம் போடாதீர்கள், நான் வருகிறவரை கேட்டைத் திறக்காதீர்கள்.

அவர் வந்து சேர்வதற்குள் லயத்துக்குச் செய்தி போய்விட்டது. வந்தவர்கள் கும்பிட்டார்கள். அதோடு விட்டார்களா? கடலம்மா அனுப்பிய பிள்ளை என்று ஒரு சொம்புப் பால், மஞ்சள் தண்ணீர், ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் கானுக்குள் போய்விட்டது. புவான் ஆயிஷா இறங்கி வரும்போது வாழைப்பழம் மிதக்கிறது, டால்பின் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது.

"பால் ஊத்தினது யாரு?" என்று கேட்டார் ஐயா. அத்தனை பெண்களும் வானத்தைப் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன்.

"நல்ல பால்தானே? நாளைக்கு அதை என் டீயில ஊத்துங்க. அது டீ குடிக்காது."

பிறகு கரைமேல் நின்று பேசினோம். புவான் ஆயிஷா இளவயதுக்காரர், பேச்சில் அலட்டல் இல்லை. கேட்டிலிருந்து, பக்கத்து ஆறு கடலில் சேரும் ஆற்று வாய் வரைக்கும் இடுப்பளவு தண்ணீராவது வேண்டும் என்றார். கடல் இறங்கின நேரத்தில் திறந்தால் வெளியே வெறும் சேறு. தண்ணீரோடு அடித்துக்கொண்டு போய்ச் சேற்றில் மாட்டி வெயிலில் செத்துவிடும். கடல் உச்சத்தில் இருக்கும்போது திறந்தால் வெள்ளம் உள்ளே பாயும், எதிர்த்து நீந்த அதற்குத் தெம்பு இருக்காது. "நடுவுல ஏதாவது நேரம் இருக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

இருக்கிறது. கடல் ஏறி வரும்போது வெளித் தண்ணீரும் உள்தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வரும். கொஞ்ச நேரம் இந்தப் பக்கமும் ஓடாது, அந்தப் பக்கமும் ஓடாது. கேட்காரர்கள் 'முகம் பார்க்கிற நேரம்' என்போம். வழக்கமாக அதுதான் நாங்கள் மூடுகிற நேரம். அன்றைக்கு அதுவே திறக்கிற நேரமாக வேண்டும்.

ஐயா மீதிக் கணக்கைப் போட்டார். உள்தண்ணீர் உயரமாக இருந்தால்தான் அந்த நேரத்தில் வெளியேயும் ஆழம் கிடைக்கும். அப்படியானால் அதுவரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது. மத்தியானம் கழுவி விட வேண்டிய உப்பு, பன்னிரண்டாம் நம்பர் வேரிலேயே நிற்கும். இன்றைக்கு ஆட்களைத் திரட்டி ஏற்பாடு செய்ய நேரமில்லை. இருட்டில் வேண்டாம் என்றார் புவான் ஆயிஷா. ஆக, நாளை மத்தியானத்துக்குமேல்.

அப்போது பாக் மான் படகில் வந்தார். "அக்கா, ஆத்து வாயில இன்னும் ரெண்டு சுத்துது. காலையிலேருந்து அங்கேயேதான் நிக்குது. போக மாட்டேங்குது."

ஐயா கோலாலம்பூரில் கூட்டத்தில் இருந்த தோட்டத்து மேனேஜரைப் போனில் கூப்பிட்டார். அந்தப் பக்கக் குரல் எனக்கே கேட்டது. "பன்னிரண்டாம் நம்பர் போனா நீங்கதான் பதில் சொல்லணும், ராகவன்."

"சொல்றேன் சார்" என்றார் ஐயா. போனை வைத்தார். கண்ணாடியைத் துடைக்கவே இல்லை.

மறுநாள் பழம் வெட்டுகிறவர்கள் கானின் மேல்புறத்தில் வரிசையாக இறங்கி நின்றார்கள். கையில் நீளமான செம்பனை மட்டைகள். தண்ணீரில் ஊன்றிப் பிடித்தால் ஒரு நடமாடும் வேலி. வலையைக் கண்டால் மிரண்டு சுற்றிக்கொள்ளும், மட்டை நல்ல யோசனை என்றார் புவான் ஆயிஷா. யாரும் பேசக்கூடாது, தண்ணீரை அடிக்கக்கூடாது, மெதுவாக நடந்து வர வேண்டும். மாரிமுத்து போனை அணைத்து பூட்சுக்குள் போட்டுக் கரையில் வைத்தான். வெளியே பாக் மான் மற்றப் படகுகளை நிறுத்திவிட்டுத் தன் படகோடு காத்திருந்தார். கேட் மேடையில் நானும் ஐயாவும். லயமே கரையில் நிற்கிறது, ஒரு இருமல் கிடையாது. கைக்குழந்தைகூடக் கப்சிப்.

வேலி நகர நகர டால்பின் கேட்டை நோக்கி வந்தது. இரண்டு அளவுக் கம்பிலும் தண்ணீர் ஒரே கோட்டைத் தொட்டது. நான் சக்கரத்தைப் பிடித்தேன்.

டாங், டாங், டாங்!

என் பக்கத்தில்தான். ஐயா கையில் இரும்புக் கம்பி! எத்தனையோ வருஷப் பழக்கம், கை தன் பாட்டுக்கு எடுத்துத் தட்டிவிட்டது. அவர் தன் கையை யாரோ ஒருவர் கை மாதிரி பார்த்தார். டால்பின் ஒரே திரும்பு. மட்டை வேலிக்கு அடியில் புகுந்து, மாரிமுத்துவைத் தண்ணீரில் உட்கார வைத்துவிட்டு, கானின் மறுகோடிக்குப் போய்விட்டது.

அத்தனை பேரும் சிலை. அந்த அமைதியில் கேட்டுக்கு வெளியிலிருந்து பாக் மானின் குரல், ரொம்ப மரியாதையாக:

"ஐயா! நான் ஒதுங்கியாச்சு, ஐயா!"

முதலில் சிரித்தது யாரென்று தெரியாது. அப்புறம் கரை முழுவதும் சிரிப்பு. புவான் ஆயிஷா வாயைப் பொத்திக்கொண்டார். மாரிமுத்து நனைந்த கோழி மாதிரி நின்று சிரித்தான். ஐயா மட்டும் சிரிக்கவில்லை. கன்றுகளைப் பார்த்தார், கானைப் பார்த்தார், என்னிடம் "மூடியே இருக்கட்டும்" என்றார். இன்னொரு நாள் தேக்கி வைக்க வேண்டும். வடக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

இருட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வெளியே போக வழியில்லாத தண்ணீர் எங்கே போகும்? லயத்து முற்றங்களில் ஏறியது. ஐயா குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். உத்தரவு போடவில்லை, கேட்டார். "என்னால வந்தது. இன்னும் ஒரு நாள் பொறுத்துக்க முடியுமா? முடியாதுன்னா சொல்லுங்க, நாளைக் காலையில கேட்டைத் திறந்துடறேன்."

பெரும்பாலோர் சரி என்றார்கள். கடைசி வீட்டு வேலு மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "டால்பினுக்கு வீடு கடல். என் வீடு இதுதானே கண்டக்டரே?"

"உண்மைதான்" என்றார் ஐயா. அவர் வீடு மேட்டில் இருந்தது. வேலு குடும்பத்தையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் தன் வீட்டு ஹாலுக்குக் கூட்டிப் போனார். கோழிகள் கோயில் மண்டபத்துக்குக் குடியேறின. மறுநாள் பூசாரி, "முருகனுக்கு இவ்வளவு சேவலா, ஒண்ணு போதாதா?" என்று கேட்டதாகச் சொன்னார்கள். ஐயா வீட்டு அம்மா எல்லாருக்கும் ரசம் வைத்துச் சோறு போட்டார். "கண்டக்டர் வீட்டுல ஒரு கருவாடாவது இருக்கும்னு நெனச்சேன்" என்று வேலு முனகினானாம். இருந்தும் மூன்று தட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான்.

காலையில் கானில் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். மறுபடியும் வைத்துப் பார்த்தேன்.

"ஐயா, உப்பு இறங்கியிருக்கு!"

"பார்த்தியா, பார்த்த மாதிரி இருந்தியா?"

"நீங்களே பாருங்க."

பார்த்தார். துப்ப மறந்து நின்றார். முந்தின நாள் எதற்குப் பயந்தோமோ அந்த மழைதான் இறங்கி உப்பைக் கரைத்திருந்தது. தண்ணீரும் உயர்ந்திருந்தது. ஆனால் இன்னொரு நாள் தாங்க லயத்தாலும் முடியாது, கன்றுகளாலும் முடியாது. டால்பினும் அடிக்கடி மேலே வந்து மூச்சு வாங்கியது, பழைய துள்ளல் இல்லை. இன்றைக்கு இல்லையென்றால் இல்லை என்று புவான் ஆயிஷா சொல்லிவிட்டார்.

இந்த முறை ஐயா இரும்புக் கம்பியை முன்கூட்டியே பாக் மானிடம் கொடுத்துப் படகில் அனுப்பிவிட்டார். இரண்டு கையாலும் குடைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், கையை நம்பாதவர் மாதிரி. எனக்கு வேறு கவலை. என் சக்கரம் கிறீச்சிடும். எவ்வளவு கிரீஸ் போட்டாலும் நடுவில் ஒரு கத்து கத்தும். கிரீஸ் டப்பா வெள்ளத்தில் எங்கேயோ போய்விட்டது. வேலுவின் மனைவி ஓடிப்போய் ஒரு போத்தல் சமையல் எண்ணெய் கொண்டுவந்தாள். மொத்தத்தையும் திருகில் ஊற்றினேன். எங்கள் செம்பனையின் எண்ணெய் வேறு எதற்கு?

மட்டை வேலி நகர்ந்தது. தண்ணீர் முகம் பார்த்தது. சக்கரம் ஒரு முனகல் இல்லாமல் சுற்றியது. கேட் முழுசாக ஏறிவிட்டது. வாசலில் ஒரு காய்ந்த இலை மிதந்தது, அசையாமல் அப்படியே நின்றது.

டால்பின் வந்தது. கேட் நிழலுக்கு முன்னால் நின்றுவிட்டது.

வா தாயே, வா என்று மனசுக்குள் கூப்பிடுகிறேன். அது நிற்கிறது. இலை மெதுவாகத் திரும்பியது. உள்பக்கமாக நகர ஆரம்பித்தது. கடல் உள்ளே வருகிறது! இந்த நொடியில் மூட வேண்டும், இத்தனை காலம் நான் வாங்கிய சம்பளமே அதற்குத்தான். ஐயா 'மூடு' என்று சொல்லக் காத்திருந்தேன். இலை எங்களைத் தாண்டி உள்ளே போயிற்று. ஐயா அதைப் பார்த்தார். அது போகிற திசையில் பன்னிரண்டாம் நம்பர் கன்றுகள் நின்றன.

"இலையைப் பார்த்தியா அஞ்சலை?" காதோரம் கேட்டார்.

"பார்த்தேன் ஐயா."

"கொஞ்ச நேரம் பார்க்காத மாதிரி இருப்போம்."

கடல் தண்ணீர் டால்பினின் முகத்தில் பட்டது. என்ன புரிந்ததோ அதற்கு! உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது. வருகிற தண்ணீரை எதிர்த்து, வாசல் வழியே, எங்கள் காலடியில், ஒரே பாய்ச்சல். வெளியே சேற்று நிறத் தண்ணீரில் மறைந்துவிட்டது.

அப்போது ஆற்றுப் பக்கமிருந்து, படகு விளிம்பில் இரும்புக் கம்பியால்:

டாங். டாங். டாங்.

பாக் மான்தான். டால்பின் தாண்டிவிட்டது என்று சொல்கிறார். கொஞ்சம் பொறுத்து அவர் குரலும் வந்தது: "மூணு ஆச்சு அக்கா! மூணும் ஒண்ணா போகுது!" கரையில் எழுந்த சத்தத்தில் எனக்கு அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. ஐயாவின் முதல் "மூடு" கூடக் கேட்கவில்லை. வருகிற வெள்ளத்தை எதிர்த்துச் சக்கரம் திரும்ப மறுத்தது. மாரிமுத்துவும் வேலுவும் ஏறி வந்து கூடப் பிடித்தார்கள். மூடினோம்.

அடுத்த இறக்கத்தில் கேட்டைத் திறந்தேன், மூன்று தட்டு தட்டி, நாலு விரல் மட்டும் முதலில். அந்த அவசரத்திலும் பாத்திகளை மறக்கவில்லை. லயத்திலிருந்து தண்ணீர் வடிந்தது, கோழிகள் வீடு திரும்பின.

பன்னிரண்டாம் நம்பரில் கான் ஓர வரிசை மஞ்சளாகிப் போய்விட்டது. மற்றவை பிழைத்தன. மேனேஜர் வந்து பார்த்தபோது ஐயா குடையால் காட்டிப் பதில் சொன்னார்: "இது டால்பின் வரிசை சார்." மேனேஜர் "திரும்ப நட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐயா வேலையை விடுகிறவரை, பார்க்க வருகிறவர்களுக்குக் காய்ச்சு நிற்கிற மரங்களைக் காட்டுவதற்கு முன்னால் அந்த வரிசையைத்தான் காட்டினார். ஐயா இப்போது சுங்கை ஆயர் தாவாரில் மகள் வீட்டில் இருக்கிறார். பாக் மான் இன்றைக்கும் வருஷத்துக்கு ஒரு கோணி கெராங்கை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஐயா இரண்டு கையாலும் வாங்குகிறார்.

இதை நான் எழுதி முடிப்பதற்குள் தினேஷ் சர்வீசுக்கு வந்துவிட்டான். தாளைக் காட்டினேன். கேட் மேடையில் உட்கார்ந்து படித்தான். அந்த மூன்று தட்டு வரைக்கும் வந்ததும் "ஐயோ!" என்று எழுந்து நின்றுவிட்டான். மீதியை நின்றுகொண்டே படித்தான். பிறகு வேனுக்குப் போய் ஒரு சுவிட்ச் எடுத்து வந்து பூட்டினான். மேனேஜரிடம் போனில் அனுமதி கேட்டதையும் பார்த்தேன்.

மருந்தடித்த நாளில் மெஷின் திறந்துவிடாமல் இருக்க என்ன வழி என்று அவனே கேட்டான். அதற்கும் ஒரு பூட்டு வைத்தான். மெஷினுக்கு உப்பு தெரியும், கசப்பு தெரியாது. அன்றைக்கு அதற்கும் லீவு.

பெட்டிக்குள் வரிசையாகச் சுவிட்சுகள். ஒவ்வொன்றுக்கும் கீழே மலாயிலும் ஆங்கிலத்திலும் பெயர் ஒட்டியிருக்கிறது. கடைசிச் சுவிட்சுக்குக் கீழே மட்டும் தினேஷ் மார்க்கர் பேனாவால் தமிழில் எழுதியிருக்கிறான்: டால்பின்.

இன்றுவரை அதை யாரும் தொடவில்லை. தொட வேண்டிய அவசியம் வராமலே போகட்டும். சாயங்காலம் அந்தப் பக்கம் நடக்கும்போது, பெட்டியைத் திறந்து அதன்மேல் இருக்கிற தூசியை மட்டும் துடைத்துவிட்டு வருகிறேன்.